வறுவலுக்குப் பெயர் மாற்றியவர் எழுதிய 11,000 கடிதங்கள்

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம். இடைநிலைப்பள்ளியில் நான் படிவம் இரண்டு. ஈராக் மீது அமெரிக்கா படையெடுக்கப் போகிறது என்று இரவுச் செய்தியில் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அணிசேரா நாடுகளின் உச்சநிலை மாநாடு கோலாலம்பூரில் நடந்து முடிந்திருந்தது. போர் வேண்டாம் என்பதுதான் அப்போது நம் நாட்டில் எங்கும் கேட்ட குரல்.

அந்த நாள்களில் பள்ளிக் கேண்டீனில் எங்களைச் சிரிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. போருக்கு ஒத்துழைக்க மறுத்த பிரான்ஸ் மீது அமெரிக்க மக்களவை உறுப்பினர்கள் இருவருக்குக் கோபம். அந்தக் கோபத்தை அவர்கள் உருளைக்கிழங்கு மீது காட்டினார்கள். மக்களவை உணவகங்களில் 'பிரெஞ்சு ஃபிரைஸ்' என்ற பெயர் எடுக்கப்பட்டு, 'ஃபிரீடம் ஃபிரைஸ்', அதாவது 'சுதந்திர வறுவல்', என்று உணவுப் பட்டியலில் எழுதப்பட்டது. எங்கள் கேண்டீன் அக்காவிடம் "அக்கா, சுதந்திர வறுவல் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு அவரைப் படாத பாடு படுத்தினோம்.

அந்த இருவரில் ஒருவரின் பெயர் வால்டர் ஜோன்ஸ். நார்த் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர். அவருக்கு அடுத்து என்ன நடந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோதுதான் தெரியவந்தது. ஈராக் போர்ச் செய்திகள் பற்றி ஓர் இடுபணி எழுதினேன். "போரை இடதுசாரிகள் எதிர்த்தார்கள், பழமைவாதிகள் ஆதரித்தார்கள்" என்று முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். விரிவுரையாளர் அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, "வாக்களித்தவர்களின் பட்டியலைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

பார்த்தேன். அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

ஒரு தேவாலயம், ஒரு கடிதம்

2002 அக்டோபரில், ஈராக் மீது படை பலத்தைப் பயன்படுத்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அனுமதி தரும் தீர்மானம் அமெரிக்க மக்களவைக்கு வந்தது. ஆதரவு 296, எதிர்ப்பு 133. ஆதரித்தவர்களில் ஜோன்ஸும் ஒருவர். கேம்ப் லஜூன் என்ற பெரிய கடற்படைக் காலாட்படை முகாம் அவர் தொகுதியில்தான் இருக்கிறது. படைவீரர்களும் அவர்களின் குடும்பத்தினரும் ஓய்வுபெற்ற வீரர்களும் நிறைந்த தொகுதி. அங்கே போருக்கு எதிராக வாக்களிப்பது அரசியல் தற்கொலை என்றுதான் எவரும் சொல்வார்கள்.

2003 ஏப்ரலில், ஈராக்கில் மாண்ட ஓர் இளம் வீரரின் இறுதி நிகழ்ச்சிக்கு ஜோன்ஸ் போனார். கணவர் கடைசியாக எழுதிய கடிதத்தை மனைவி அங்கே படித்தார். தந்தையின் முகத்தையே பார்க்காத கைக்குழந்தைகளும் அந்தக் குடும்பத்தில் இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிய நெடும் பயணம் முழுக்கத் தம்முடைய வாக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்ததாக அவர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு, மாண்ட வீரர்களின் குடும்பங்களுக்குத் தம் கையொப்பமிட்ட கடிதங்களை அனுப்பத் தொடங்கினார். தம் தொகுதியினருக்கு மட்டுமல்ல, நாடு முழுவதும் உள்ள குடும்பங்களுக்கு. அவர் வாழ்நாளில் அந்தக் கடிதங்களின் எண்ணிக்கை 11,000ஐத் தாண்டியது. தொகுதி முகாமிலிருந்து சென்று இறந்த வீரர்களின் படங்களைத் தம் அலுவலகக் கதவுக்கு வெளியே வரிசையாக வைத்தார். உள்ளே வருகிற எவரும் அந்த முகங்களைக் கடந்துதான் வர வேண்டும்.

2005இல் அவர் வெளிப்படையாகவே மாறினார். ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்ப அழைக்கக் காலவரையறை வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். உடன் நின்றவர்களில் டெனிஸ் குசினிச் ஜனநாயகக் கட்சியின் இடது ஓரம். ரான் பால் குடியரசுக் கட்சியின் சுதந்திரவாதி. கட்சிக்குள் ஜோன்ஸ் ஒதுக்கப்பட்டார். 2008 உட்கட்சித் தேர்தலில், போர் குறித்த அவர் நிலைப்பாட்டையே குறை சொல்லி ஒருவர் எதிர்த்துப் போட்டியிட்டார். படைமுகாம் தொகுதி ஜோன்ஸையே தேர்ந்தெடுத்தது. உணவுப் பட்டியலில் 'பிரெஞ்சு ஃபிரைஸ்' 2006லேயே ஓசையின்றித் திரும்பியிருந்தது.

ஆறும் ஒன்றும்

விரிவுரையாளர் பார்க்கச் சொன்ன பட்டியலுக்கு வருவோம். 2002இல் மக்களவையில் அந்தத் தீர்மானத்தை எதிர்த்த குடியரசுக் கட்சியினர் ஆறே பேர். செனட் சபையில் லிங்கன் சேஃபி ஒருவர். அந்த ஆறு பேரில் மூவர் கட்சியின் மிதவாதிகள். மற்ற மூவரோ அசல் பழமைவாதிகள்: டெக்சஸின் ரான் பால், டென்னசியின் ஜான் டங்கன், இந்தியானாவின் ஜான் ஹாஸ்டெட்லர். வரி குறைய வேண்டும், அரசு சிறிதாக இருக்க வேண்டும், கருக்கலைப்பு கூடாது என்று சொல்லி வெற்றி பெற்றவர்கள். அதே கொள்கைதான் போர் வேண்டாம் என்றும் தங்களைச் சொல்ல வைத்தது என்றார்கள். டங்கனின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. தம் தொகுதியில் தமக்கு மிகுந்த கெட்ட பெயர் வாங்கித் தந்த வாக்கு அதுதான் என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதே வாக்குதான் மிகுந்த பாராட்டைப் பெற்றது என்றும் அவர் பின்னர் சொன்னார்.

நாடாளுமன்றத்துக்கு வெளியேயும் குரல்கள் இருந்தன. மூத்த புஷ் அதிபராக இருந்தபோது அவரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரென்ட் ஸ்கோகிராஃப்ட், 2002 ஆகஸ்டில் 'வால் ஸ்திரீட் ஜர்னல்' நாளேட்டில் கட்டுரை எழுதி ஈராக்கைத் தாக்க வேண்டாம் என்று எச்சரித்தார். தந்தையின் ஆலோசகர் மகனைத் தடுக்க முயன்றார் என்பதே அப்போது பெரிய செய்தி. அதே ஆண்டு பேட் புக்கானன் என்ற பழமைவாத எழுத்தாளர் தம் நண்பர்களுடன் சேர்ந்து, போரை எதிர்ப்பதற்கென்றே 'தி அமெரிக்கன் கன்சர்வேட்டிவ்' என்ற இதழைத் தொடங்கினார். பதிலுக்கு, பழமைவாதிகளின் முன்னணி இதழான 'நேஷனல் ரிவ்யூ' 2003இல் ஓர் அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. போரை எதிர்க்கும் பழமைவாதிகள் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்பது அதன் சாரம்.

அந்த நேஷனல் ரிவ்யூ இதழை 1955இல் நிறுவியவர் வில்லியம் பக்லி. அமெரிக்க நோக்கம் ஈராக்கில் தோற்றுவிட்டது என்று 2006 பிப்ரவரியில் அவரே எழுதினார்.

அவர்களின் வாதம் என்ன?

பழமைவாதி என்றால் ஆயுதம் என்றாலே குதிப்பவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் எழுதியதைப் படித்தபோது நான்கு வாதங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது, சட்டம். போர் அறிவிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசமைப்புச் சட்டம் அதிபரிடம் கொடுக்கவில்லை, நாடாளுமன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறது. ஆனால், அந்நாட்டு நாடாளுமன்றம் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942இல். கொரியா, வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் என எல்லாமே அதற்குப் பிறகு வந்தவை. சட்டத்தை அப்படியே காக்க வேண்டும் என்பவர் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும் என்று கேட்டார்கள்.

இரண்டாவது, அரசின் அளவு. போர்க்காலத்தில் வளரும் அரசு, போர் முடிந்த பின் பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. நல்ல எடுத்துக்காட்டு, சம்பளத்திலிருந்தே வருமான வரியைப் பிடித்தம் செய்யும் முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பணம் திரட்ட அமெரிக்காவில் 1943இல் விரிவாக வந்தது. போர் 1945இல் முடிந்தது. பிடித்தம் இன்றும் நடக்கிறது.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சொந்த நாட்டில் ஒரு நகரத்தின் வறுமையை அரசாங்கத் திட்டம் போட்டு ஒழித்துவிட முடியாது என்று சொல்பவர்கள் பழமைவாதிகள். சமுதாயம் மெல்ல வளர்வது, அதை மேலிருந்து கட்ட முடியாது என்பது அவர்களின் அடிப்படை நம்பிக்கை. அப்படியிருக்க, மொழியும் சமயமும் குலமும் தெரியாத வேறொரு நாட்டில் புதிய ஆட்சிமுறையைப் படை கொண்டு கட்டிவிடலாம் என்று மட்டும் எப்படி நம்புவது? 'புதிய பழமைவாதிகள்' என்று அழைக்கப்பட்ட போர் ஆதரவாளர்களுடன் அவர்களுக்கு இருந்த பெரிய சண்டை இதுதான்.

நான்காவது, போகிறவர் யார் என்ற கேள்வி. போரை முடிவு செய்பவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள். சவப்பெட்டி வந்து சேர்வது சிற்றூர்களுக்கு. ஜோன்ஸ் அதைக் கண்ணால் பார்த்தவர்.

இவை 2002இல் பிறந்த வாதங்கள் அல்ல. வெளிநாட்டு அரக்கர்களைத் தேடிப் போய் அழிப்பது அமெரிக்காவின் வேலையல்ல என்ற கருத்தை வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் 1821லேயே பேசியிருக்கிறார். 'திருவாளர் குடியரசுக் கட்சி' என்றே அழைக்கப்பட்ட ஒஹையோ செனட்டர் ராபர்ட் டாஃப்ட் 1949இல் நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தார். 1950இல் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அதிபர் ட்ரூமன் கொரியாவுக்குப் படை அனுப்பியது சட்டப்படி சரியல்ல என்றார். படைத்தொழிலும் ஆயுதத் தொழிலும் கைகோத்துச் செல்வாக்குப் பெறுவதைப் பற்றி 1961இல் விடைபெறும் உரையில் எச்சரித்த ஐசனாவர், ஐந்து நட்சத்திரத் தளபதி. அவரும் குடியரசுக் கட்சி அதிபர்.

இந்த மரபில் கறையும் உண்டு. 1940இல் தொடங்கிய 'அமெரிக்கா முதலில்' குழு ஹிட்லருக்கு எதிரான போரில் சேர வேண்டாம் என்றது. அதன் முன்னணிப் பேச்சாளர் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க், நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்களில் யூதர்களும் அடக்கம் என்று 1941 செப்டம்பரில் பேசி அவப்பெயர் தேடிக்கொண்டார். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் குழு கலைந்தது. போர் வேண்டாம் என்பவரெல்லாம் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் போர், எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆதரவு எப்படிக் கரைந்தது?

பொதுமக்களின் மனம் மாறியது தனிக்கதை. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2003 மார்ச்சில் படையெடுப்பு சரியான முடிவு என்றவர்கள் 71 விழுக்காடு. ஐந்தே ஆண்டுகளில், 2008 தொடக்கத்தில், அது 38 விழுக்காடு. தவறு என்றவர்கள் பாதிக்கும் மேல்.

ஏன்? முதல் காரணம் எல்லாருக்கும் தெரியும். இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை என்பதை அமெரிக்க ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கையாகத் தந்தது. இரண்டாவது, பணம். புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சி, போருக்கு 100 முதல் 200 பில்லியன் டாலர் ஆகலாம் என்று 2002இல் சொன்னபோது, அது மிகை என்று அரசாங்கமே மறுத்தது. ஆண்டு முடிவதற்குள் அவர் பதவியில் இல்லை. உண்மையில் ஆன செலவு 800 பில்லியன் டாலருக்கும் மேல்.

மூன்றாவது காரணம், உயிர். ஜான் முல்லர் என்ற அரசியல் அறிவியலாளர் கொரியப் போரையும் வியட்நாம் போரையும் ஒப்பிட்டு 1973இல் ஒரு நூல் எழுதினார். போர் தொடங்கியதும் மக்கள் தலைவரின் பின்னால் திரள்வார்கள். பின்னர் உயிரிழப்பு ஏற ஏற ஆதரவு இறங்கும். ஆனால், ஒரே சீராக இறங்காது. இழப்பு நூறிலிருந்து ஆயிரமாகும்போது எவ்வளவு ஆதரவு போகிறதோ, ஏறத்தாழ அதே அளவு மீண்டும் போக, இழப்பு ஆயிரத்திலிருந்து பத்தாயிரமாக வேண்டும். முதல் சாவுகள் மக்களை உலுக்குகின்றன. அப்புறம் மனம் மரத்துப்போகிறது.

வானொலியில் செய்தி வாசிப்பவள் என்ற முறையில் இந்த இடத்தில் நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஒரு தாக்குதலில் நால்வர் மாண்டனர் என்று முதல் நாள் வாசிக்கும்போது குரல் தானாகத் தாழ்கிறது. மூன்றாவது மாதம் அதே எண்ணை இருபது விநாடியில் வாசித்துவிட்டு, போக்குவரத்து நிலவரத்துக்கும் அடுத்த பாடலுக்கும் போய்விடுகிறோம். நான் கல்நெஞ்சக்காரி அல்ல. ஆனால், முல்லர் கண்ட அந்த இறங்கு கோடு என் ஒலிவாங்கிக்கு முன்னாலும் ஓடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆதரவு கரைந்ததற்கு ஈராக்கியரின் சாவு முதன்மைக் காரணமாக இருக்கவில்லை. அமெரிக்கப் படையினர் மாண்டது ஏறத்தாழ 4,500 பேர். ஆவணப்படுத்தப்பட்ட ஈராக்கியப் பொதுமக்களின் சாவு மட்டும் 180,000க்கும் மேல். முல்லரின் கணக்கில் இடம்பெறுவது போருக்குப் போன நாட்டின் இழப்பு மட்டுமே.

கட்சிக் கண்ணாடி

போர் எதிர்ப்பைக் கட்சியும் வளைக்கிறது. ஈராக் போருக்கான ஆதரவு ஜனநாயகக் கட்சியினரிடமும் சார்பற்றவர்களிடமும்தான் வேகமாக விழுந்தது. தங்கள் கட்சி அதிபர் தொடங்கிய போரைக் குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் நெடுங்காலம் கைவிடவில்லை. ஒபாமா அதிபரானதும் காட்சி மாறியது. 2011இல் லிபியா மீது குண்டு வீசியபோதும் 2013இல் சிரியாவைத் தாக்க முனைந்தபோதும் குடியரசுக் கட்சியினர் பலர் அரசமைப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். மறுபுறம், வீதியில் இறங்கிப் போராடிய ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் ஒபாமா வென்றதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பதை மைக்கேல் ஹீனி, ஃபேபியோ ரோஹாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஊர்வலங்களில் நேரடியாகக் கருத்தாய்வு நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அதிபர் நம்ம ஆள் என்றால் போர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகிவிடுகிறது. இரு கட்சியிலும்.

சவுத் கரோலினாவில் நடந்த இரண்டு விவாதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் காலம் எவ்வளவு மாறியது என்பது புரியும். 2007 மே மாதம், குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர்களின் மேடை. மத்தியக் கிழக்கில் அமெரிக்காவின் தலையீடே அதன் மீதான கோபத்துக்கு ஒரு காரணம் என்றார் ரான் பால். அந்தப் பேச்சைத் திரும்பப் பெற வேண்டும் என்றார் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ஜூலியானி. கைதட்டல் மேயருக்கு. 2016 பிப்ரவரி, அதே மாநிலம், அதே கட்சி. ஈராக் போர் மாபெரும் தவறு என்றார் டோனல்ட் டிரம்ப். எதிரில் நின்றவர் புஷ்ஷின் தம்பி ஜெப். அரங்கில் கூச்சல் எழுந்தது. ஒரே வாரத்தில் வாக்குப் பதிவு. டிரம்ப் வென்றார், ஜெப் அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். இத்தனைக்கும், 2002இல் ஒரு வானொலிப் பேட்டியில் ஈராக்கைத் தாக்கலாமா என்று கேட்டபோது, அரைமனதாக ஆம் என்று சொன்னவர்தான் டிரம்ப். வாக்காளர்கள் அந்தப் பழைய ஒலிப்பதிவைப் பொருட்படுத்தவில்லை. தாங்கள் சொல்ல நினைத்ததை ஒருவர் மேடையில் சொன்னதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அதே டிரம்ப் 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீச உத்தரவிட்டபோது, அவரின் சொந்த ஆதரவாளர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். நாடாளுமன்ற அனுமதி எங்கே என்று தீர்மானம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கெண்டக்கியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் தாமஸ் மேசி. நம்ம ஆள் அதிபராக இருக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்பவர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். 2002இன் அந்த ஆறு பேரைப் போல, எண்ணிக்கையில் அவர்கள் குறைவு.

அந்தக் கதவு

ஈராக் போருக்கான 2002 அனுமதியை நீக்க அமெரிக்க செனட் 2023 மார்ச்சில் 66க்கு 30 என வாக்களித்தது. ஆதரித்தவர்களில் 18 பேர் குடியரசுக் கட்சியினர். செனட் இந்த இடத்துக்கு வந்துசேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

வால்டர் ஜோன்ஸ் அதைப் பார்க்கவில்லை. 2019 பிப்ரவரி 10ஆம் தேதி, தம் 76ஆவது பிறந்தநாளில், அவர் காலமானார். கடைசி வரை கருக்கலைப்பை எதிர்த்தார். அரசாங்கக் கடனை எதிர்த்தார். குடியரசுக் கட்சியிலேயே இருந்தார். தம் வாக்கு தவறு என்று சொல்ல அவர் கட்சி மாறவில்லை, கொள்கையை விடவில்லை. அரசியல்வாதிகள் வழக்கமாகச் சொல்வதுபோல் "அப்போது கிடைத்த தகவலின்படி சரி" என்றும் ஒதுங்கிக்கொள்ளவில்லை. நான் தவறு செய்தேன், அதற்குப் பிராயச்சித்தம் தேடுகிறேன் என்றே சொல்லிவந்தார். கடிதங்கள்தான் அந்தப் பிராயச்சித்தம்.

பள்ளி நாள்களில் நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் தப்பில்லை. வறுவலுக்குப் பெயர் மாற்றியது சிரிக்க வேண்டிய செயல்தான். ஆனால், அத்தோடு அவரை மறந்தும் போனேன். போரைத் தொடங்கும்போது எழுந்த சத்தம் கோலாலம்பூர் வரை கேட்டது. "நான் தவறு செய்தேன்" என்று அவர் சொன்னது என் காதுக்கு வந்துசேர ஆறேழு ஆண்டுகள் பிடித்தன. அதுவும் ஒரு விரிவுரையாளர் சிவப்பு மையில் கேட்டதால்.

இப்போதெல்லாம் போர்ச் செய்தி கைக்கு வந்தால் ஒலிவாங்கியைத் திறக்கும் முன் ஒரு முறை மௌனமாகப் படித்துக்கொள்கிறேன். எண் வரும் இடத்தில் வேகத்தைக் குறைக்கிறேன். கிடைப்பது அதே இருபது விநாடிதான். அந்த எண்ணுக்குள் இருப்பவர்களை, ஜோன்ஸின் அலுவலகக் கதவைக் கடந்து போனவர்களைப் போல, நானும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.